கல்பாசி மூட்டை மூட்டையாக வருகிறது. ட்ரூரி ஆர்க்கிட் மட்டும் ஏன் விளிம்பில் நிற்கிறது?

பொதிகைச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இரண்டு உயிர்களை அருகருகே வைத்துப் பேச வேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒன்று கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும்போது எண்ணெயில் விழுகிறதே, அதே கல்பாசிதான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன் வகையைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லாட்டம். எந்த ஊர் மளிகைக் கடையிலும் பொட்டலம் கேட்டால் கிடைக்கும்.

மற்றொன்று பாபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட். அகத்தியமலைத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. இந்தியாவில் உள்ள மற்ற பாபியோபெடிலம் இனங்கள் எல்லாம் வடகிழக்கிலும் இமயமலை அடிவாரத்திலும் இருக்க, இது ஒன்று மட்டும் தெற்கு முனையில் தனித்து நிற்கிறது. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு, கீழே தேன் நிறத்தில் ஒரு பை. ஒரு தண்டுக்கு ஒரே பூ. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது 'மிக அருகிய இனம்'.

1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி திருவிதாங்கூர் மலைகளில் இதைக் கண்டெடுத்தார். மதராஸ் மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெடோம், கண்டெடுத்தவர் பெயரையே செடிக்கு வைத்தார். அதன் பிறகு நீண்ட காலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று தாவரவியலாளர்கள் கருதிக்கொண்டிருந்தபோது, 1972-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவே அதற்கு எமனாகவும் ஆயிற்று. இடம் தெரிந்ததும் ஆர்க்கிட் வியாபாரத்துக்காக வேரோடு பெயர்த்து எடுத்துப் போனார்கள். போதாக்குறைக்குப் புல்வெளித் தீ.

'லைக்கன் உறுதியானது, ஆர்க்கிட் மென்மையானது' என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆர்க்கிட் அருகிப்போனதில் மனிதக் கைக்குப் பெரும் பங்கு உண்டு. கல்பாசி பரவலாக இருக்கிறது என்பதையும் நாம் யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. கடையில் கிடைப்பதை வைத்துச் சொல்கிறோம். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நேர்கோடு:

ஒப்பீடே சரியில்லை என்பது என் கருத்து. லைக்கன் தாவரமே அல்ல. ஒரு பூஞ்சைக் கூட்டணியையும் ஒரு பூக்கும் செடியையும் எந்த அளவுகோலால் அளப்பீர்கள்? ஒன்று பல கண்டங்களில் பரவியிருக்கிறது. மற்றொன்றுக்கு ஒரே மலைத்தொகுதி. விடை அதிலேயே இருக்கிறது.

வேர்முடிச்சு:

நேர்கோடு ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். லைக்கன் தாவரம் அல்ல. ஆனால் ஒப்பிட முடியாது என்பதை ஏற்க மாட்டேன். இந்த இரண்டு உயிர்களின் வாழ்க்கையும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கிறது: இரண்டுக்கும் பூஞ்சை இல்லாமல் பிழைப்பு இல்லை. நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவள். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே புதிதாக இருக்கும். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைக்கன் என்பது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து கட்டிய உடல். சிலவற்றில் பச்சைப்பாசிக்குப் பதில் சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சை நுண்ணுயிர் இருக்கும். 1860-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 2016-இல் வெளிவந்த ஆய்வு, சில லைக்கன்களின் மேற்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டும் குடியிருக்கிறது என்று காட்டியது. ஆக, எத்தனை பேர் சேர்ந்த குடும்பம் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

கல்பாசியை ஒரு கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். விளிம்பு அலை அலையாக மடிந்திருக்கும். அந்த ஓரத்தில் மாவு தூவியது போல் துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றை சொரீடியா என்கிறோம். ஒவ்வொரு துகளுக்குள்ளும் சில பாசிச் செல்கள், அவற்றைச் சுற்றிப் பூஞ்சை இழை. காற்றோ மழைத்துளியோ பூச்சியின் காலோ அந்தத் துகளை இன்னொரு மரப்பட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், புதிய லைக்கன் தொடங்கிவிடும். துணையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருவரும் ஒன்றாகவே புறப்படுகிறார்கள். கல்பாசி இத்தனை இடங்களில் பரவியதற்கு இந்தத் துகள் ஒரு முக்கியக் காரணம்.

இப்போது ஆர்க்கிட் விதையைப் பாருங்கள். தூசி போன்றது. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலோ அவரையிலோ இருப்பது போல முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு உள்ளே இல்லை. கட்டுச்சோறு இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிள்ளையைப் போன்றது அந்த விதை. விழுந்த இடத்தில் உரிய பூஞ்சை இருந்து, அது விதைக்குள் நுழைந்து, உணவு கொடுத்தால்தான் முளைக்கும். 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார்ட் இதைக் கண்டறிந்தார். அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் ஆயிரம் விதை விழுந்தாலும் வீண்.

அதற்கும் முன்னால் மகரந்தச் சேர்க்கை நடந்தாக வேண்டும். பாபியோபெடிலத்தின் அந்தப் பை ஒரு பொறி. பூச்சி உள்ளே வழுக்கி விழுகிறது. உட்புறம் வழவழப்பு, வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் ஒரு குறுகிய பாதை உண்டு. அதில் முதலில் சூல்முடியை உரசிக்கொண்டு, பிறகு இருபுறமும் உள்ள மகரந்தப்பைகளில் ஒன்றின் அடியில் நெருக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். பெரும்பாலான ஆர்க்கிட்களுக்கு ஒரு மகரந்தத்தாள். இந்தக் குடும்பக் கிளைக்கு இரண்டு. இவ்வளவு பாடுபட்டு வெளியே வரும் பூச்சிக்குப் பரிசாகத் தேனும் பொதுவாக இருப்பதில்லை. ஏமாந்த பூச்சி இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும். செடிகள் அடர்த்தியாக நிற்கும் வரை இந்த ஏற்பாடு நடக்கும். பாதியைப் பிடுங்கி எடுத்துவிட்டால், மீதியுள்ளவை பூத்தும் காய்க்காமல் நிற்கும் நிலை வரலாம்.

நேர்கோடு ஐயா கேட்ட அளவுகோல் இதுதான்: துணையோடு கிளம்பும் உயிர் ஒன்று, போன இடத்தில் துணை தேடும் உயிர் ஒன்று.

மசாலாக்கடை:

டீச்சர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, கடையில் இருந்த கல்பாசியை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரத்தில் மாவு இருக்கிறது! அப்பா காலத்திலிருந்து இதை விற்கிறோம். தரம் பார்ப்பது வேறு, இப்படிப் பார்ப்பது வேறு.

வியாபாரப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. மூட்டையில் வருவது ஒரே வகை என்று நினைத்துவிடாதீர்கள். கறுத்த அடிப்பக்கமும் சாம்பல் நிற மேற்பக்கமும் உள்ள அகன்ற இதழ்தான் நல்ல சரக்கு. அதோடு நாடா நாடாகக் கிழிந்தது போன்ற ஒரு வகை வரும். கொத்தாக நார் போன்ற ஒன்று வரும். மரப்பட்டைச் சில்லும் மண்ணும் சுள்ளியும் கூடவே இருக்கும். எல்லாவற்றையும் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். தெற்கு மலைச் சரக்கும் வரும், இமயமலைப் பக்கத்துச் சரக்கும் வரும். கடைக்கு வந்து சேரும்போது எது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சமையலுக்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். மராட்டியத்தில் கோடா மசாலாவுக்கு இது இல்லாமல் நடக்காது. வடக்கே அத்தர், தூபம், ஹோமப் பொருள் என்று போகிறது. தேவை குறைந்து நான் பார்த்ததில்லை.

சோலைக்காடு:

மசாலாக்கடை அண்ணன் சொன்ன அந்த 'மரப்பட்டைச் சில்லு' எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். நான் நீலகிரியில் வசிப்பவள்.

மழைக்காற்றில் முறிந்து விழுந்த கிளையிலிருந்து கல்பாசி எடுத்தால், கையால் தூக்கினாலே ஈரத்தில் தளர்ந்து கழன்று வரும். பட்டை ஒட்டாது. பட்டையோடு வந்திருக்கிறது என்றால் நிற்கும் மரத்தில் காய்ந்திருந்தபோது கத்தியால் சுரண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அவசரக்காரர்கள் கிளையையே வெட்டிப் போட்டு உரிப்பதும் உண்டு. காட்டை நம்பி வாழும் பழங்குடிக் குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. சிறு வன மகசூல், அதாவது மரம் தவிர்த்த காட்டுப் பொருள்களைச் சேகரிப்பது அவர்களது வாழ்வாதாரம். 2006 வன உரிமைச் சட்டம் அதை உரிமையாகவே ஏற்கிறது. எங்கள் பகுதிப் பெரியவர்கள் ஒரு மரத்தை முழுக்கச் சுரண்ட மாட்டார்கள். 'இத்தனை கிலோ வேண்டும், இந்த வாரமே வேண்டும்' என்று நெருக்கும் இடைத்தரகர்தான் அந்த முறையை உடைக்கிறார்.

இந்த வகை லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இதழ் வளரப் பல ஆண்டுகள் வேண்டும். சுரண்டிய கிளை வெறுமையாகவே கிடக்கும்.

அங்கே அதை நம்பி மற்ற உயிர்களும் இருக்கின்றன. மின்சிட்டு தன் கூட்டின் வெளிப்புறத்தில் லைக்கன் துண்டுகளைச் சிலந்தி நூலால் ஒட்டிவைக்கும். கிளையின் முண்டு என்றே தோன்றும். குருவி வந்து உட்கார்ந்தால்தான் கூடு என்று தெரியும். மழை பெய்த மறுநிமிடம் அந்தக் கிளையைப் பாருங்கள். சாம்பலாக இருந்தது பச்சையாக மாறியிருக்கும். மேற்தோல் நனைந்து கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பாசியின் நிறம் வெளியே தெரிகிறது.

நேர்கோடு:

சகோதரி எழுதியது மனத்தைத் தொட்டது. ஆனாலும் என் வாதத்தை நான் விடவில்லை. பாதுகாப்புக்கென இருக்கும் பணமும் ஆட்களும் குறைவு. 'மிக அருகிய இனம்' என்ற முத்திரை சும்மா வருவதில்லை. வளரும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்து, அதுவும் சிதறி, தொடர்ந்து சுருங்கிவருவது. முதிர்ந்த உயிர்கள் 50-க்கும் கீழே போவது. மூன்று தலைமுறைக் காலத்தில் எண்ணிக்கை 80 விழுக்காடு சரிவது. இப்படிக் கணக்கு வைத்து முடிவு செய்கிறார்கள். உலகெங்கும் பரவிய ஒரு லைக்கனையும் ஒரே மலையில் மீதமிருக்கும் செடியையும் ஒரே மூச்சில் பேசினால், செடிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் சிதறிவிடும். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

பொதிகைச்சாரல்:

உங்கள் பயம் நியாயமானது ஐயா. கல்பாசிக்காக ஆர்க்கிட்டைக் கைவிட வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. 'முதிர்ந்த உயிர்கள் எத்தனை' என்று ஆர்க்கிட்டுக்குக் கேட்கலாம், போய் எண்ணலாம். லைக்கனுக்கு எப்படி எண்ணுவது? பாறையில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒன்று கிழிந்து ஐந்தாகும். அதனால் லைக்கன் வளர்ந்திருக்கும் மரத்தையே ஓர் அலகாகக் கொண்டு எண்ணும் முறையும் உண்டு.

இந்தச் சிக்கலும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து, செம்பட்டியலில் லைக்கன்கள் மிகக் குறைவு. 2003-இல்தான் அமெரிக்காவின் புளோரிடாவில் வளரும் கிளாடோனியா வகை லைக்கன் ஒன்றும், எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்ற வடக்குக் காட்டு லைக்கனும் ஏறின; நெடுங்காலம் அந்த இரண்டு மட்டுமே இருந்தன. இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் எது பெருகுகிறது, எது குறைகிறது என்று சொல்லத் தொடர்ந்த கணக்கெடுப்பு வேண்டும்.

இன்னொன்று. உலக அளவில் ஓர் உயிர் பரவலாக இருப்பது, ஒரு சோலைக்கு ஆறுதல் ஆகாது. ஐரோப்பாவில் கல்பாசி செழித்திருப்பதால் கொடைக்கானல் மரக்கிளையில் மின்சிட்டுக்குக் கூடு கட்ட எதுவும் கிடைத்துவிடாது.

வேர்முடிச்சு:

'உறுதியானது' என்று லைக்கனைச் சொல்வதைப் பற்றி ஒரு குறிப்பு. 2005-இல் இரண்டு லைக்கன் இனங்களை விண்கலத்தில் ஏற்றி, சுமார் இரண்டு வாரம் வெட்டவெளி விண்வெளியிலேயே திறந்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அவை மறுபடி ஒளிச்சேர்க்கை செய்தன. படிப்பவர்கள் மலைத்துப்போவார்கள். ஆனால் அதே லைக்கன் கூட்டத்தைச் சேர்ந்த பல இனங்களை ஒரு நகரத்துப் புகை கொன்றுவிடும்.

லைக்கனுக்கு வேர் இல்லை, மெழுகுத் தோலும் இல்லை. மழை, பனி, தூசி என்று காற்றில் வருவதை உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. நல்லதை மட்டும் வடிகட்டி எடுக்க வழியில்லை. கந்தக டைஆக்சைடு கூடினால் முதலில் பாசிச் செல்கள் அடிபடும். உணவு நின்றதும் பூஞ்சையும் போய்விடும். 1866-லேயே லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர், பாரிஸ் நகரின் மற்ற இடங்களில் இல்லாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் இருப்பதைக் கவனித்து, அவற்றைக் காற்றின் தூய்மைக்கு அளவுகோலாகக் கொள்ளலாம் என்றார். 1970-இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எந்த மரத்தில் எந்த லைக்கன் இருக்கிறது என்பதைக் கொண்டே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் காற்று மாசை அளக்கும் அட்டவணை வகுத்தார்கள்.

ஆகவே வறட்சியைத் தாங்கும் வலிமை ஒன்று. புகையைத் தாங்கும் வலிமை வேறு. கல்பாசிக்கு முன்னது உண்டு.

தொட்டிச்செடி:

ஆர்க்கிட் வளர்ப்பவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ட்ரூரியை வேட்டையாடியவர்கள் எங்களைப் போன்ற ஆர்வலர்களுக்கு விற்கத்தான் வேட்டையாடினார்கள். அதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

இந்தச் செடியின் வளர்ச்சி முறையே திருடனுக்கு வசதியானது. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு நீண்டு ஓடும்; அதிலிருந்து இடைவெளி விட்டு இலைக்கொத்துகள் கிளம்பும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் தொடராக வரும். பாறைச் சரிவில் புல்லுக்கு நடுவே ஆழமில்லாத மண்ணில் இருப்பதால் பெயர்ப்பதும் எளிது. ஒரு காலைப்பொழுதில் ஒரு சரிவையே காலி செய்துவிடலாம்.

சட்டம் இப்போது கடுமையாக இருக்கிறது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்டியலில் வைத்துக் காக்கும் தாவரங்கள் சிலவே. நெபந்தஸ் குடுவைத்தாவரம், நீல வாண்டா ஆகியவற்றோடு பாபியோபெடிலம் இனங்கள் முழுவதும் அதில் உண்டு. காட்டிலிருந்து பிடுங்குவதும் விற்பதும் குற்றம். வளர்த்து விற்கவும் உரிமம் வேண்டும். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்திலும் இந்தப் பேரினம் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியை வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டப்படி முடியவே முடியாது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தில் இதன் விதையை ஆய்வகத்திலேயே முளைக்க வைத்தார்கள். பூஞ்சை கொடுக்க வேண்டிய உணவைக் கண்ணாடிக் குப்பியில் ஊடகமாகக் கொடுத்தால் முளைத்துவிடுகிறது. அப்படி வளர்ந்த நாற்றுகளைக் காட்டில் நட்டு மீட்கும் முயற்சியும் நடந்தது. என் தோட்டத்தில் எத்தனையோ கலப்பின பாபியோபெடிலங்கள் இருக்கின்றன, ட்ரூரி இல்லை. இருக்க வேண்டிய இடம் அந்தச் சரிவு.

நேர்கோடு:

ஆய்வகத்தில் விதையை முளைக்க வைக்க முடிகிறது என்றால், லைக்கனை ஏன் பண்ணையில் வளர்க்கக் கூடாது? காட்டைத் தொட வேண்டிய அவசியமே இருக்காதே.

வேர்முடிச்சு:

நல்ல கேள்வி ஐயா. பூஞ்சையைத் தனியாகவும் பாசியைத் தனியாகவும் ஆய்வகத்தில் வளர்க்க முடியும். இரண்டையும் சேர்த்து மறுபடி முழு லைக்கனாக வளர்த்தெடுப்பது மிகக் கடினம். சில இனங்களில் சாதித்திருக்கிறார்கள். ஆனால் மசாலாவுக்கு மூட்டைக் கணக்கில் தரும் நிலை இல்லை. விலைக்குக் கிடைக்கும் கல்பாசி எல்லாம் காட்டில் எடுத்ததுதான். இந்த ஒரு விஷயத்தில் அருகிய ஆர்க்கிட்டை நாம் கையால் பெருக்க முடிகிறது, பரவலான லைக்கனை முடியவில்லை.

நேர்கோடு:

இது எனக்குப் புதிய செய்தி. ஆர்க்கிட்டுக்கே முன்னுரிமை என்பதில் நான் மாறவில்லை. ஆனால் காட்டிலிருந்து வெளியே போகும் கல்பாசிக்கு மலைவாரியாக எடைக் கணக்காவது இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

மசாலாக்கடை:

வாங்குபவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள் தங்கச்சி. நான் மொத்த வியாபாரியிடம் கேட்கத் தயார்.

சோலைக்காடு:

அண்ணே, முதலில் பட்டை. மூட்டையில் பட்டைச் சில்லு மிகுதியாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். எடையைக் கூட்டிக் காட்டுவதும் அதுதானே, உங்களுக்கும் நட்டம். இரண்டாவது, எந்த மலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் பழங்குடிக் கூட்டுறவு அமைப்புகள் மூலம் வாங்குங்கள்; அவர்களால் எங்கே, எப்போது எடுத்தது என்று சொல்ல முடியும். வீட்டுச் சமையலுக்கு ஒரு குழம்புக்கு ஓர் இதழே மணக்கும். பிடி பிடியாகப் போட்டால் கசக்கும்.

மசாலாக்கடை:

கேட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.

புதுநடை:

எல்லோருக்கும் வணக்கம், இந்த மன்றத்துக்குப் புதியவன். அகத்தியமலைப் பக்கம் அனுமதி பெற்று நடந்தபோது பாறை ஓரத்தில் பை வைத்த மஞ்சள் பூ ஒன்றைப் படம் எடுத்தேன். இதழில் பழுப்புக் கோடு இருக்கிறது. எந்தச் சரிவு, எவ்வளவு உயரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். படத்தோடு இங்கே போடட்டுமா?

பொதிகைச்சாரல்:

தம்பி, இடத்தைப் போடாதீர்கள். உங்களை அனுமதித்த வனச்சரக அலுவலகத்துக்கு மட்டும் தெரிவியுங்கள். படத்தில் பின்னணிப் பாறையோ மலை முகடோ தெரிந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். மலையை அறிந்தவனுக்கு அதுவே போதும். கைப்பேசிப் படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் பூவை மட்டும் காட்டுங்கள். கூட்டமாக இருந்ததா, தனியாக நின்றதா, காய் பிடித்த தண்டு ஏதும் கண்ணில் பட்டதா என்று நினைவிருந்தால் வனத்துறைக்கு எழுதும் கடிதத்தில் கட்டாயம் சேருங்கள்.

புதுநடை:

சரி ஐயா. பக்கத்தில் பூ உதிர்ந்த தண்டு ஒன்று இருந்தது. அதன் நுனி பருத்திருந்ததாக நினைவு. கடிதத்தில் எழுதிவிடுகிறேன். படத்தை வெட்டிவிட்டுப் போடுகிறேன்.